நோட்டில் எத்தனை பக்கம் என்று பார்க்காதீர்கள்: பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், பல வீடுகளில் காலையில் தலை சீவிக் கிளப்பி விடுகிற பாட்டி தாத்தாக்களுக்கும் வணக்கம்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்று நீங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே டீச்சர், இந்த வாரம் என்னதான் நடத்துனீங்க?" கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் ஊரைப் போலவே ஒட்டன்சத்திரத்தைச் சுற்றி, ஏன், தமிழ்நாடு முழுக்க உள்ள சின்னச் சின்ன அரசுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோருக்கும் இதே சந்தேகம் இருக்கிறது என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை என்றால் இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிற கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் என்றும் அதே அட்டவணை சொல்கிறது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வருகிறது. அந்த நாலு மணி நேரத்துக்குள் தமிழ், கணக்கு, இங்கிலீஷ், சூழ்நிலையியல் எல்லாம் வர வேண்டும், அதுவும் மூன்று வகுப்புக்கும் சேர்த்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போர்டில் இருப்பதைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி முடிக்க அரை மணி நேரம் பிடிக்கும், எழுதி முடித்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்களைத் திருப்திப்படுத்த நான் நோட்டை நிரப்பிவிடலாம், அந்த நேரத்தை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது?

போன வாரம் நாங்கள் எடுத்துக்கொண்டது சந்தை. பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தக்காளியோ முருங்கையோ போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் மார்க்கெட்டில் மூட்டை தூக்கவோ, காய் பறிக்கவோ போகிறவர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை "மார்க்கெட்ல என்னென்ன பார்த்திருக்கீங்க" என்று கேட்டதுதான், தராசு, ஏலம், கமிஷன் கடை, லாரி, அட்டைப்பெட்டி, வாடகை என்று போர்டு நிறைந்துவிட்டது. எல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள். ஒன்றாம் வகுப்புக்காரர்கள் அதில் த எங்கே, க எங்கே என்று தேடி வட்டம் போட்டார்கள். இரண்டாம் வகுப்புக்காரர்கள் சொற்களை வாசித்தார்கள். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ரெண்டு மூன்று வாக்கியம் எழுதி வாசித்துக் காட்டினார்கள். அன்றைக்குத் தமிழ்ப் பாடம் அதுதான். ஒரே போர்டு, மூன்று வகுப்பு.

கணக்குதான் நான் உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல நினைப்பது. நம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி 14 கிலோ என்பது பிள்ளைகளுக்கே தெரியும். ஆறு பெட்டி எத்தனை கிலோ? 14ஆம் வாய்ப்பாடு யாருக்கும் தெரியாது. ஒரு பையன் 14, 28, 42 என்று கூட்டிக்கொண்டே போனான். இன்னொருத்தி, ஒவ்வொரு பெட்டியிலும் பத்து கிலோவை முதலில் எடுத்துவிட்டால் 60, மிச்சம் நாலு நாலாக 24, ஆக மொத்தம் 84 என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, வீட்டில் யாரோ அப்படிக் கணக்குப் போடுவதைக் கேட்டிருக்க வேண்டும். பெரிய பெருக்கலுக்குப் பின்னால் இருக்கிற முறையே அதுதான், அதை அந்தப் பிள்ளையே வகுப்புக்கு விளக்கிச் சொன்னாள்.

அடுத்த நாள் வகுப்பில் கடை வைத்தோம், காகித நோட்டுகளும் சில்லறையும் நாங்களே செய்தவை. கீரைக் கட்டு 12 ரூபாய். மூன்று கட்டு வாங்கி 50 ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு? கடையில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை யோசிக்கவே இல்லை, 14 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டாள். அதே பிள்ளையிடம் நோட்டில் 50 கழித்தல் 36 போடச் சொன்னேன். 26 என்று எழுதினாள். ஒன்றாம் இடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து ஆறு போகாது என்றதும் ஆறையே கீழே இறக்கிவிட்டாள், பத்தாம் இடத்தில் ஐந்தில் மூன்று போக இரண்டு. நிறையப் பிள்ளைகள் செய்கிற தவறு இது. பத்துப் பக்கம் கழித்தல் கணக்கு கொடுத்திருந்தால் பத்துப் பக்கமும் அப்படியே போட்டிருப்பாள், நான் சிவப்பு மையில் திருத்தியிருப்பேன், நீங்கள் நோட்டு நிறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

அவளிடம் ஐந்து பத்து ரூபாய்த் தாள்களைக் கொடுத்து "இதிலிருந்து எனக்கு 36 ரூபாய் கொடு" என்றேன். மூன்று தாளை எடுத்துக் கொடுத்தாள். ஆறு ரூபாய்க்கு? "சில்லறை மாத்தணும் டீச்சர்." மாற்று. ஒரு பத்து ரூபாய்த் தாள் போய்ப் பத்து ஒரு ரூபாய்கள் வந்தன. கையில் மீதி ஒரு பத்தும் நாலு ஒன்றும். பிறகு நோட்டில் ஐந்தை அடித்து நாலாக்கிப் பக்கத்துப் பூஜ்ஜியத்தைப் பத்தாக்கியபோது, கடன் வாங்குவது என்று நாங்கள் இத்தனை நாள் சொன்னது சில்லறை மாற்றுவதுதான் என்று அவளுக்கே பிடிபட்டுவிட்டது. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் நோட்டில் நாலு கணக்குதான் இருக்கும். வெறும் நாலா என்று நினைக்காதீர்கள், அவ்வளவும் புரிந்து போட்டவை.

அதே கடையை வைத்தே இங்கிலீஷும் ஓடியது. "ஹவ் மச் இஸ் திஸ்?" "ட்வெல்வ் ருப்பீஸ்." இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை, பேசத்தான் வேண்டும், கூச்சம் போகிற வரைக்கும் திரும்பத் திரும்ப. சூழ்நிலையியலுக்குத் தக்காளியைக் குறுக்கே வெட்டி அறைகளையும் விதைகளையும் பார்த்து வரைந்தோம். அப்புறம் ஒரு துண்டை வெயிலில், ஒன்றை ஈரத்துணியில் சுற்றி, ஒன்றை ஜன்னலில் ஆடிக் காற்று படுகிற மாதிரி வைத்துத் தினமும் போய்ப் பார்த்தோம். எது சீக்கிரம் அழுகும், எது காயும், ஏன் என்று பெரிய சண்டையே நடந்தது. விலை கிடைக்காத வாரத்தில் அப்பா தக்காளியை ஏன் வைத்திருந்து விற்க முடியாமல் கொட்டுகிறார் என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொல்ல முடியும், மீதியை நீங்கள்தான் வீட்டில் சொல்ல வேண்டும்.

இது நான் சொந்தமாகக் கண்டுபிடித்த முறை ஒன்றும் இல்லை. நம் மாநிலத்தில் 2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோதே, பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏறிப் போகிற அட்டைகளும் ஏணிப்படியுமாக இந்தப் பாதை தொடங்கிவிட்டது. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன, அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த வருஷம் நான்கு, ஐந்துக்கும். அதில் வருகிற அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளைக் கேட்டுச் சில அம்மாக்கள் மனம் வருந்துவது எனக்குத் தெரியும். "எம் பிள்ள மூணாவது படிக்குது, இன்னும் அரும்புங்கிறீங்களே" என்று. அது ரேங்க் இல்லைங்க. இந்தப் பாடத்தில் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். தமிழில் அரும்பாக இருக்கிற பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம், நான் மேலே சொன்ன கடைக்காரப் பிள்ளை அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அதன் காது படப் பேசாதீர்கள், தயவுசெய்து.

வகுப்பில் நான் போனோடு இருப்பதை யாராவது பார்த்திருந்தால், மதிப்பீட்டைச் செயலியில் பதிந்துகொண்டிருப்பேன். அதில் பாட நேரம் போகிறது என்பது உண்மைதான், நாங்களும் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? முக்கியமானது வருகை. திங்கள் பேசியது செவ்வாய்க் கணக்கில் வருகிறது, செவ்வாய் வைத்த கடை புதன்கிழமை இங்கிலீஷ் ஆகிறது. நடுவில் ரெண்டு நாள் காய் பறிப்புக்கோ, விசேஷத்துக்கோ, தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ பிள்ளையை நிறுத்திவிட்டால், வியாழக்கிழமை வந்து ஒன்றும் புரியாமல் முழிக்கும், பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லவும் நோட்டில் ஒன்றும் இருக்காது. உங்கள் வேலையின் அவசரம் எனக்குத் தெரியாமல் இல்லை. காலை உணவு இங்கேயே இருக்கிறது, மதியமும் சாப்பாடு இருக்கிறது, சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் முன்னாலேயே கொண்டுவந்து விட்டுவிடுங்கள்.

அடுத்து, டியூஷன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை ராத்திரி ஏழு மணி வரை உட்கார வைத்துக் கேள்வி பதிலைப் பத்துத் தடவை எழுத வைக்கிற இடத்துக்குக் காசு கட்டாதீர்கள். அந்தக் காசில் பத்து ரூபாயைக் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பி மிச்சத்தைக் கணக்குக் கேளுங்கள், அது நல்ல வீட்டுப்பாடம். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலையாகப் போட்ட சின்னப் புத்தகங்களில் ஒன்றை வாரா வாரம் பையில் வைத்து அனுப்புகிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கதையில் அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். அது திணறுகிறதா, படத்தைப் பார்த்துச் சமாளிக்கிறதா என்று கேட்கும்போதே தெரிந்துவிடும், தெரிந்ததை என்னிடம் சொல்லுங்கள். எனக்கு அது ரொம்ப உதவும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதி உறுப்பினர்கள் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கழிப்பறைத் தண்ணீரைப் பற்றியும் சுற்றுச்சுவரைப் பற்றியும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவை பேச வேண்டியவைதான். ஆனால் இந்த மாதம் என் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது, எதில் தடுமாறுகிறது என்று அங்கேயும் கேளுங்கள், ரெண்டு ஆசிரியரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனிமேல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த வாரம் செய்ததைப் பிள்ளைகளே காட்டுவார்கள். இந்த வாரம் தண்ணீர், நம் ஊர்த் தொட்டி, குழாய், குடம், லிட்டர் கணக்கு எல்லாம். அரை மணி நேரம்தான். வேலையிலிருந்து அந்த நேரத்துக்கு வர முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், ஐந்து மணிக்கு மேல் என்றாலும் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
1, 2, 3 வகுப்பு டீச்சர்