கடற்கரையை விட்டால் வேறு இடமா இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வார இறுதியில் மொரிசியஸில் எங்கே போகலாம் என்று வாசகர்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். பாதிப் பேர் கடற்கரையைத் தாண்டவே மாட்டேன் என்கிறார்கள். மலையும் நம்முடையதுதானே!

லெ பூஸ் மலைக்கு செயின்ட் பியேர் பக்கமிருந்து ஏறுங்கள். உயரம் 812 மீட்டர். 1836-இல் சார்லஸ் டார்வின்கூட ஏறியிருக்கிறார். பெரும்பாலும் சாதாரண நடைதான். உச்சியில் கட்டைவிரல் போல நிற்கும் பாறையில் மட்டும் கையை ஊன்றி ஏற வேண்டும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், சேறு வழுக்கும்.

இறங்கியதும் பசிக்குமே, தலைநகர் போர்ட் லூயியில் தால் பூரி, அதாவது பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, சாப்பிடலாம். ஜோடியாகத்தான் தருவார்கள். இரண்டையும் அடுக்கி, மொச்சைக் கறி, ருகாய் என்னும் தக்காளிக் குழம்பு, மிளகாய் விழுது வைத்து, காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். கறி வழிவதற்குள் நின்றபடியே தின்றுவிடுங்கள். காருக்குள் வைத்துச் சாப்பிட்டால் இருக்கையில் படியும் மஞ்சள் கறை லேசில் போகாது.

கலை விரும்பிகளுக்கு போர்ட் லூயி துறைமுகக் கரையில், கோடான் பக்கம் புளூ பென்னி அருங்காட்சியகம். 1847-ஆம் ஆண்டின் அசல் தபால்தலைகள் அங்கே இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் சிறிது நேரம்தான் விளக்குப் போடுவார்கள். மற்ற நேரத்தில் நகலைத்தான் பார்க்கலாம். டிக்கெட் வாங்கும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். குறிப்பு எழுதுபவர்களிடம் பஸ் விவரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாரிடமும் கார் இல்லை. ஞாயிறு மாலையில் பஸ்ஸும் சீக்கிரம் நின்றுவிடுகிறது.

ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரிசியஸ்