கிழக்குக் கோபுரத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

கோபுரச் சுதை பழுது, வர்ணம், மதில் பூச்சு, வாகன மண்டப மரவேலை எல்லாம் முடிந்துவிட்டன. "சாரத்துக்கு இரண்டு மாத வாடகை கூடுதல், தேனீக்குத் தட்சணையா?" என்று சிலர் கேட்டீர்கள். ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான்.

கீழ் நிலைகளில் வேலை நடந்தபோதே நான்காம் நிலையில் மலைத்தேனீக் கூட்டம் வந்து அடை கட்டியது. இரவில் பந்தம் காட்டினால் ஒரு மணி நேர வேலை என்றார்கள். குழு மறுத்தது. பொந்தில் வாழும் தேனீபோல இதற்கு மறைவு கிடையாது. ஒற்றை அடை திறந்த வெளியில் தொங்கும். தேனீக்களே அடுக்கடுக்காகப் படிந்து அதற்குத் திரையாக இருக்கும். பந்தம் பட்டால் புழுக்களோடு எல்லாம் போய்விடும். தப்பியவை வெளிச்சம் தேடிக் கீழே வரும். அப்புறம் சந்நிதித் தெருவின் கதி என்ன?

ஆகவே மேலே நிறுத்திவிட்டு மதிலுக்குப் போனோம். காத்திருந்ததில் ஒரு காட்சி கிடைத்தது. குளவி நெருங்கும்போது தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்க, அடை முழுக்க அலை ஓடும், குளவி விலகிவிடும். பூக்காலம் முடிந்ததும் கூட்டம் தானாகவே கிளம்பியது. வெற்று மெழுகை எடுத்துவிட்டு ஸ்தபதி வேலையை முடித்தார். மலைத்தேனீ பழைய இடத்துக்கே மறுபடி வரும் என்பதால் அந்த விதானத்தின் அடியில் மட்டும் வர்ணம் பூசவில்லை. அந்தப் பக்கம் ஹாலஜன் விளக்கும் வேண்டாம் என்று முடிவு.

மதிலில் எங்கள் தவறு ஒன்று. கொசுத்தேனீயின் பிசின் குழாய் வாசல்கள் இரண்டை மேஸ்திரி தெரியாமல் பூசிவிட்டார். மறுநாள் சுரண்டித் திறந்தோம். ஒன்றில்தான் நடமாட்டம் திரும்பியது.

மண்டபத்தில் கருவண்டு துளைத்த உத்திரங்களை மாற்றினோம். பழைய கட்டைகளை விறகாக்காமல் நந்தவன மூலையில் போட்டிருக்கிறோம். கருவண்டும் தேனீ இனம்தான். கத்தரிப்பூவில் மகரந்தம் நுனித்துளை வழியாகத்தான் கொட்டும். பூவைக் கவ்விக்கொண்டு அதிரவைக்க இதற்குத் தெரியும், அடைத்தேனீக்குத் தெரியாது. மடப்பள்ளிக்குப் பின்னால் காய்க்கும் முருங்கைக்கும் இதன் உதவி உண்டு. மண்ணில் வளை தோண்டும் தேனீக்களுக்காக நந்தவனத்துக்குச் சிமெண்ட் தளம் போடும் திட்டத்தைக் கைவிட்டோம். அதில் மிச்சமான தொகை சாரம் வாடகையில் பாதியை ஈடுகட்டியது.

வரவு செலவு விவரம் அலுவலக அறையில் இருக்கிறது. கூடுதல் வாடகையைத் தனி வரியாகவே காட்டியிருக்கிறோம். ஆட்சேபம் உள்ளவர்கள் பொதுக்குழுவில் கேட்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு