பதினேழாம் பொருளையும் முப்பத்திரண்டாம் பொருளையும் சேர்த்து வாசியுங்கள்

எங்கள் பேரூராட்சி மன்றத்தின் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயல் அலுவலர் ஆகியோருக்கு,

வணக்கம்.

ஆனி மாதத்தில் நடைபெற்ற தங்களது சாதாரணக் கூட்டத்தின் தீர்மான நகலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் செலுத்திக் கேட்டிருந்தேன். சட்டம் விதித்த 30 நாள் கெடு முடிவதற்கு முன்பே அது தபாலில் வந்து சேர்ந்தது. இதற்காக அலுவலகத்துக்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஊரின் பெயரை இம்மடலில் வேண்டுமென்றே எழுதவில்லை. செட்டிநாட்டில் ஊருணி இருந்து, அதன் கரையில் பேரூராட்சியின் பெயர்ப்பலகையும் இருக்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தக்கூடும். தவிர, என் நோக்கம் ஒரு தீர்மானத்தைத் திருத்துவதே அன்றி, யாரையும் சந்தி சிரிக்க வைப்பதன்று.

வேறு மாவட்டத்து நகராட்சி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் மன்றப் பிரிவிலேயே இருந்தவன் நான். பொறியியல் பிரிவும் சுகாதாரப் பிரிவும் அனுப்பும் குறிப்புகளை வரிசைப்படுத்தி, எண்ணிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் “மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்” என்று தட்டச்சு செய்ததுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி. ஆகவே முப்பத்து நான்கு பொருள்கள், அதாவது மன்றத்தின் முடிவுக்கு வைக்கப்படும் இனங்கள், கொண்ட தங்கள் ஆனி மாதக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது என்று கேள்விப்பட்டபோது எனக்கு வியப்பு எதுவும் ஏற்படவில்லை. எங்கள் நகராட்சியில் அரை மணி நேரத்தில் ஐம்பது பொருள்களும் ஓடியிருக்கின்றன. அவற்றை அப்படி ஓடும்படி எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

தெருவிளக்குகளைச் சீரமைக்கும் தீர்மானமும், வாரச்சந்தைக் குத்தகையை மறு ஏலம் விடும் தீர்மானமும், தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் வாங்கும் தீர்மானமும் செய்ய வேண்டியவையே; அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதுவது 17-ஆம் பொருளையும் 32-ஆம் பொருளையும் பற்றி.

பதினேழாம் பொருள், எங்கள் தெருக்கோடி ஊருணியை மேம்படுத்துவது. கரையைச் சுற்றிக் கான்கிரீட் தடுப்புச் சுவர், அதன்மேல் கம்பி வேலி, பேவர் பிளாக் நடைபாதை, உட்காரும் பலகைகள், நான்கு மூலையிலும் விளக்கு. இவற்றில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. மாலையில் நடக்க இடம் வேண்டும் என்று பலரும் கேட்டுவந்ததும் உண்மையே. ஆனால் அலுவலகக் குறிப்பின் கடைசிப் பத்தியில், “கழிவுநீர் கலப்பதைத் தவிர்க்கும் பொருட்டு, மேற்குப் பகுதியில் உள்ள பழைய கால்வாயை மூடித் தளம் அமைத்தல் உட்பட” என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பழைய கால்வாய்தான் ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்கால், அதாவது வரத்துக்கால். அந்தச் சொல் குறிப்பில் எங்குமே இல்லை. “வரத்துக்காலை மூடுவது” என்று எழுதியிருந்தால், மன்றக் கூடத்தில் இருந்தவர்களில் வயதில் மூத்த ஒருவராவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்பது என் நம்பிக்கை. “பழைய கால்வாய்” என்றதால் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. “மன்றம் அனுமதிக்கிறது” என்று ஒரே வரியில் தீர்மானம் முடிந்துவிட்டது.

முப்பத்திரண்டாம் பொருள், கடந்த சித்திரை, வைகாசி மாதங்களில் குடிநீர்ப் பற்றாக்குறையைச் சமாளிக்க லாரிகள் மூலம் தண்ணீர் வழங்கிய செலவினத்துக்கு மன்றத்தின் பின்னேற்பு, அதாவது செலவு செய்த பிறகு பெறும் ஒப்புதல், கோருவது. தலைவரின் முன் அனுமதி பெற்று அவசரமாகச் செய்த பணி என்பதால் பின்னேற்பு கேட்டது முறைதான். குழாயில் காற்று மட்டும் வந்த நாட்களில் அந்த லாரிக்காக என் வீட்டாரும் குடத்தோடு நின்றார்கள். ஆனால் ஒரே காலையில், ஒரே மேசையில், மழைநீர் ஊருணிக்குள் வரும் ஒரே வழியை அடைக்கச் செலவு செய்யவும், தண்ணீர் இல்லாததால் நேர்ந்த செலவை ஏற்கவும் ஒரே மன்றம் இசைந்திருக்கிறது. இடையில் இருந்த பதினான்கு பொருள்கள் இந்த இரண்டையும் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் செய்துவிட்டன.

நம் ஊர்களில் ஊருணி தனியாக வெட்டிவிட்ட குழி அன்று என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; இருந்தாலும், வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் பொறியாளர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். ஓட்டுக் கூரையின் நான்கு சரிவிலும் விழும் மழை வீட்டின் நடு முற்றமான வளவுக்குள் இறங்கி, முதல் மழைக்குப் பிறகு அண்டாவிலும் கிடாரத்திலும் பிடிக்கப்பட்டு, மிஞ்சியது முற்றத்துத் துவாரம் வழியாகத் தெருவுக்குப் போகும். தெரு சமதளமாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத சாய்வில் ஊருணிப் பக்கம் இறங்கும். தெருவோர வாய்க்கால் வரத்துக்காலில் சேரும். வரத்துக்கால் ஊருணியில் முடியும். ஊருணி நிறைந்தால், மிகை நீர் வெளியேறும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். வீடு, தெரு, வாய்க்கால், ஊருணி என்று நாம் தனித்தனியாக மதிப்பீடு தயாரிக்கும் நான்கும், கட்டியவர்களுக்கு ஒரே வேலையாகத்தான் இருந்தன. ஆற்றுப் பாசனம் இல்லாத இந்தச் செம்மண் பொட்டலில், செம்புறாங்கல் அடுக்கிப் படித்துறை கட்டியவர்கள் வேறு எந்த நீரையும் நம்பியிருக்கவில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டைப் பார்க்க வருபவர்களுக்குத் தேக்கு நிலையையும் ஆத்தங்குடிக் கல்லையும் காட்டும் நாம், தண்ணீர் போகும் வழியை மட்டும் காட்டுவதில்லை. காட்டும் நிலையிலும் அது இல்லை.

கணக்கு ஒன்றைத் தங்கள் முன் வைக்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 900 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால், ஓர் ஏக்கர் நிலத்தில் ஓராண்டில் விழும் மழை ஏறக்குறைய 36 லட்சம் லிட்டர் என்று வரும். ஆவியாவதும் மண் உறிஞ்சுவதும் திசைமாறி ஓடுவதும் போக, மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஊருணியை அடைகிறது என்று வைத்துக்கொண்டாலும் அது 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நூறு நடை. ஓர் ஏக்கருக்கே இவ்வளவு. மேற்குத் தெருக்கள் மூன்றின் கூரைகளும் தெருக்களும் எத்தனை ஏக்கர் வரும் என்பதைப் பொறியாளர் நில அளவை வரைபடத்தில் ஒரு மணி நேரத்தில் அளந்து சொல்லிவிடலாம். அந்த எண்ணை நூறால் பெருக்கி, முப்பத்திரண்டாம் பொருளில் உள்ள நடைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஊருணித் தண்ணீரை இன்று யாரும் அப்படியே குடிக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஊருணி நிறைந்த ஆண்டுகளில் கரையோரக் கிணறுகளில் வாளி எட்டியதும், ஊருணி வறண்ட ஆண்டுகளில் அதே கிணறுகளில் கயிறு போதாமல் போனதும் எங்கள் தெருவில் எல்லோரும் கண்டவை.

இன்னொன்று. 2022-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு 100 விழுக்காடு உயர்வு வந்தது. நம் ஊரின் பெரிய வீடுகள் அனைத்தும் அந்தப் படியில்தான் வருகின்றன. பல வீடுகள் பூட்டிக் கிடந்தாலும் வரி போய்க்கொண்டிருக்கிறது. அதிக வரி கட்டும் அந்தக் கூரைகளே அதிக மழைநீரையும் தருபவை. பணம் மட்டும் அலுவலகத்துக்கு வர, தண்ணீர் ஊருணிக்கு வராமல் நிற்கப் போகிறது.

கழிவுநீர் கலக்கிறது என்று அலுவலகக் குறிப்பு சொல்வது பொய்யன்று. அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மரியாதை இருக்காது. தெருவோர வாய்க்காலில் குளியலறைத் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தண்ணீரையும் விடும் வீடுகள் இருக்கின்றன. அவற்றுள் என் வீடும் ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பின்கட்டில் குளியலறை கட்டியபோது கொத்தனார் குழாயை வாய்க்காலில் நீட்டினார், நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் குழாயைத் திருப்ப வேண்டிய இடத்தில் வாய்க்காலையே மூடினால், கழிவுநீர் நிற்கப் போவதில்லை; அது வேறு பள்ளத்தைத் தேடிக்கொள்ளும், மழைநீரும் அதனுடன் சேர்ந்து வீடுகளின் முகப்பை நோக்கித் திரும்பும். வீட்டுக்கொரு உறிஞ்சுகுழி, இடம் இல்லாத வீடுகளுக்குத் தெருவில் பொது உறிஞ்சுகுழி, வரத்துக்காலின் வாயில் ஒரு வண்டல் தொட்டி, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே தள்ள ஒரு சிறிய அடைப்புப் பலகை ஆகியவை போதும். இவை தடுப்புச் சுவரைவிடச் செலவு குறைந்தவை. திறப்பு விழாவில் படம் எடுக்க ஏற்றவை அல்ல என்பதுதான் குறை. என் வீட்டுக் குழாயை இந்த மடல் தங்கள் கைக்கு வருவதற்குள் மாற்றியிருப்பேன், கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது.

நிதி இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை என்றே கருதுகிறேன். பதினைந்தாவது நிதிக்குழு, 2021–26 காலத்துக்கு, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 30 விழுக்காட்டைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கென்றும், மற்றொரு 30 விழுக்காட்டைத் துப்புரவுக்கென்றும் கட்டிவைத்தது. வரத்துக்காலைச் சீரமைப்பது முதல் தலைப்பிலும், உறிஞ்சுகுழிகள் இரண்டாம் தலைப்பிலும் பொருந்துமா என்று இப்போதைய ஒதுக்கீட்டு ஆணைகளைப் பார்த்துச் செயல் அலுவலர் மன்றத்துக்குக் குறிப்பு வைக்கலாம். மக்கள் பங்களிப்போடு நடக்கும் நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்புகிறவர்கள், தங்கள் ஆச்சி தண்ணீர் மொண்ட ஊருணிக்குக் கேட்டால் முகம் திருப்ப மாட்டார்கள். ஆனால் கேட்கிறவர் கையில் மன்றத் தீர்மானம் ஒன்று இருக்க வேண்டும்.

22-ஆம் பொருளையும் ஒரு வார்த்தையில் தொட்டுவிடுகிறேன், ஏனெனில் அதுவும் ஊருணியைச் சேர்ந்ததே. இரண்டு மேற்குத் தெருக்களுக்குப் பேவர் பிளாக் அமைக்கும் அந்தத் தீர்மானத்தில், பழைய தளத்தை அகற்றிவிட்டுப் போடுவதா, அதன்மேலேயே போடுவதா என்று சொல்லப்படவில்லை. சாலைகளின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, பழைய மட்டம் உயராமல் புதுப்பிக்க வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறார். தெரு அரையடி உயர்ந்தால் சாய்வு மாறும். அப்புறம் வரத்துக்கால் திறந்திருந்தும் பயனில்லை.

உத்தரப் பிரதேசத்துக் கிராமக் குளம் ஒன்றை வீட்டுமனையாக ஒதுக்கியது செல்லாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீர்நிலையைக் காப்பதற்கான கடமை அரசுக்கும் அதன் அமைப்புகளுக்கும் உண்டு என்பதை மிகத் தெளிவாகச் சொன்னது. அங்கே குளத்தை மனையாக்கினார்கள். இங்கே குளத்தைக் குளமாகவே வைத்து, அழகும் செய்து, தண்ணீரை மட்டும் வெளியே நிறுத்துகிறோம். நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. எழுபது வயதில் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு அலைய உடம்பும் இடம் கொடுக்காது. அதற்குத் தேவையும் இல்லை, ஏனெனில் பணி ஆணை இன்னும் வழங்கப்படவில்லை என்று அறிகிறேன்.

ஆகவே கேட்பது இவ்வளவே. அடுத்த சாதாரணக் கூட்டத்தில் பதினேழாம் தீர்மானத்துக்குத் திருத்தத் தீர்மானம் ஒன்றை வைத்து, வரத்துக்காலை மூடும் பகுதியை மட்டும் நீக்கி, அந்தத் தொகையை அதைத் தூர்வாரவும் வண்டல் தொட்டி கட்டவும் மாற்றுங்கள். அந்தக் குறிப்பில் “பழைய கால்வாய்” என்று எழுதாமல், வரத்துக்கால் என்றே எழுதச் சொல்லுங்கள். மூடுவதில் உறுதியாக இருந்தால், அதற்கு முன் எங்கள் வார்டில் குடியிருப்போர் கூட்டமான பகுதி சபாவைக் கூட்டி, மேற்குத் தெருக்காரர்களின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லுங்கள். 2022-இல் பகுதி சபாவுக்கான விதிகள் வந்தது இதற்குத்தானே. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தூர்வார அது போதும், கான்கிரீட் உடைக்கப் போதாது.

வரத்துக்கால் இன்ன சர்வே எண்ணில், இன்ன அகலத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் புலப்பட நகல் என்னிடம் உள்ளது. எங்கள் வார்டு உறுப்பினருக்கு ஒரு படி கொடுத்துவிட்டேன். “நான் இதைக் கவனிக்கலையே, அண்ணே” என்று அவர் மனம் திறந்து சொன்னதால்தான் இந்த மடலை எழுதும் துணிவு வந்தது. மற்றவர்களுக்கும் படிகள் எடுத்து வைத்திருக்கிறேன். உறுப்பினர்களும் பொறியாளரும் நேரில் பார்க்க விரும்பினால், செவ்வாய்க்கிழமை தவிர எந்த நாளிலும் காலை ஏழு மணிக்கு, வரத்துக்கால் ஊருணியில் இறங்கும் கல்லருகே நான் இருப்பேன்.

இப்படிக்கு,
மேற்குத் தெருவில் வசிக்கும், வரி பாக்கி இல்லாத ஒரு குடிமகன்