அண்ணே, பெனால்டியை விடுங்கள், சிவப்பு அட்டையைப் பேசுவோம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஃபைனல் முடிந்ததிலிருந்து தங்கச்சிமடத்து டீக்கடைகளில் உங்கள் தலைதான் உருளுகிறது. கடைசி நேரத்துப் பெனால்டி, அதற்கு முன்னால் ஒரு சிவப்பு அட்டை, நாலு மஞ்சள், எல்லாமே கோச்சால் வந்த வினை என்று பந்தையே தொட்டிராதவர்கூடப் பேசுகிறார். உங்களிடம் ஆறு வருடம் ஆடியவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். பெனால்டி உங்கள் தப்பு இல்லை. சிவப்பு அட்டை உங்கள் தப்புதான்.

பெனால்டியை நான் கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே நின்று பார்த்தேன். தென்கடல் பக்கமிருந்து சோழகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது, கார்னர் பந்து பாதி வழியில் வளைந்து உள்ளே வந்தது, நடுவில் தடுக்கிற நம் ஸ்டாப்பர் கண்ணை மூடிக்கொண்டு எம்பினான், கை தானாக மேலே போய்விட்டது. இதற்குக் கோச் என்ன செய்வார்? 2010 உலகக் கோப்பைக் கால் இறுதியில் கானா அடித்த பந்தை உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டில் நின்று கையால் தட்டினாரே, அதை அவர்கள் கோச் தபரேஸ் வெளியே நின்று தடுத்திருக்க முடியுமா? அந்தப் பெனால்டியைக் கானா கம்பத்தில் அடித்தது. நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் சிவப்பு அட்டை வாங்கிய அந்த ரைட் பேக் பையன், வலது பக்கம் தடுத்து ஆடுகிறவன், அவன் விஷயம் வேறு. இருபதாவது நிமிடத்திலேயே மஞ்சள் வாங்கிவிட்டான். இடைவேளையில் அவனை உட்கார வைப்பீர்கள் என்று நினைத்தேன், பெஞ்சில் ஆளும் இருந்தது. நீங்களோ லைனில் நின்று "விடாத, ஏறி அடி" என்று கத்தினீர்கள், அது ரோட்டில் நின்றவர்களுக்கும் கேட்டது. அவன் ஏறினான், பின்னாலிருந்து காலை வாரினான், போனான். மற்ற நாலு மஞ்சளில் இரண்டு ரெஃப்ரியோடு வாயாடியதற்கு. ஒவ்வொரு த்ரோவுக்கும் நீங்கள் கையை விசிறிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனால் பையன்கள் வேறு என்ன கற்றுக்கொள்வார்கள்?

2023 மார்ச் 3 பெங்களூரு ஆட்டம் ஞாபகம் இருக்கும், உங்கள் செல்லில்தான் பார்த்தோம். எதிரணி தடுப்புச் சுவராக நிற்பதற்குள் பெங்களூருவின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைக் கோலாக அடித்துவிட்டார், கேரளா பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமனோவிச் டீமையே வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை. கோபம் நியாயமாகவே இருக்கட்டும், வெளியே வா என்றது அவர் வாய்தானே.

2019-இல் விதியையே மாற்றி, கோச்சுக்கும் அட்டை காட்டலாம் என்றார்கள். பெஞ்சில் யார் தப்புச் செய்தது என்று தெரியாவிட்டால் அங்கே நிற்கும் தலைமை கோச்சுக்குத்தான் அட்டை. நம் படகு வழக்கமும் அதுதானே அண்ணே? பக்கத்துப் படகு வலையில் நம் வலை சிக்கினால் கயிற்றை எவன் விட்டான் என்றா கேட்கிறார்கள், டிரைவரைத்தான் கேட்கிறார்கள். அதற்காக, கடலில் எவன் வழுக்கி விழுந்தாலும் டிரைவரை அடிக்கப் போகக் கூடாது. டீக்கடைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது பாதி புரிய மாட்டேன் என்கிறது.

சரி, ஊர் பேசுவதை விடுங்கள். அந்த ரைட் பேக் மூன்று நாளாக மைதானத்துப் பக்கமே வரவில்லை. தன்னால்தான் கோப்பை போச்சு என்று வீட்டில் சாப்பிடாமல் கிடக்கிறானாம், அவன் அம்மா சொன்னது. ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, அப்புறம் அப்பாவோடு படகேறிவிடுவான், பிடிக்க முடியாது. அதற்குள் ஒருநாள் சாயங்காலம் நீங்களே அவன் வீட்டுக்குப் போய், கத்தியது நான்தான் என்று அவன் அப்பா முன்னால் சொல்லுங்கள். வேண்டுமானால் நானும் கூட வருகிறேன், வண்டி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய லெஃப்ட் விங்