இந்த வாரம்: ஜகார்த்தா 1962

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆசிய விளையாட்டு ஆண்கள் கால்பந்தில் இந்தியா இருமுறைதான் தங்கம் வென்றிருக்கிறது: 1951 டெல்லி, 1962 ஜகார்த்தா. ஞாயிறு மாலை இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தினோம். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். ஜர்னைல் உண்மையில் தடுப்பாட்டக்காரர்! தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்தவரைப் பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசையில் இறக்கினார். அரங்கமோ நமக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வேண்டுகோள்: இன்றைய அணியோடு ஒப்பிட்டுச் சண்டை வேண்டாம். 2002 முதல் இது வயது வரம்புள்ள போட்டி. பொதுவாக 23 வயதுக்குட்பட்டோர், கூடவே மூத்த வீரர்கள் மூவர். சென்ற முறை இதே வாக்குவாதத்தில் நள்ளிரவு தாண்டியும் கைப்பேசி அடங்கவில்லை.

பழைய படங்கள் இருந்தால் பகிருங்கள். காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு அன்று விடுமுறை.