சாக்கை எப்போது அள்ளுவீர்கள்? கடலோரச் சுற்றுலா நகரின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர், நகர்மன்ற உறுப்பினர்கள், கடற்கரை விடுதி உரிமையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கையில் சாக்கும் இடுக்கியுமாக உங்கள் கடற்கரையில் குனிந்தபடி நடக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆறு வருடமாக வருகிறேன். கூட்டம் என்றேனே தவிர, மழைக்காலத்தில் நாலு பேர், விடுமுறைக் காலத்தில் நாற்பது பேர், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை நீங்கள் நடத்தும் தூய்மை விழாவன்று மட்டும் சில நூறு பேர் திரளுவார்கள். இந்த வருட விழாவுக்கு அழைப்பு வந்தது. பாராட்டுச் சான்றிதழ் தருவதாகவும் எழுதியிருந்தீர்கள். நன்றி, சான்றிதழ் வேண்டாம். அதற்குப் பதிலாக இரண்டு கேட்கிறேன். நாங்கள் கட்டி வைக்கும் சாக்குகளை அன்றைக்கே அள்ளுங்கள். எந்தக் குப்பை எத்தனை என்று எண்ணி நாங்கள் கொடுக்கும் எண்ணிக்கைத் தாளை அலுவலகத்தில் யாராவது ஒருவர் படியுங்கள்.

சாக்கு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் இன்னும் ஆறவில்லை. போன வருட விழாவில் தென்கோடியில் நாற்பத்திரண்டு சாக்கு கட்டினோம். சாக்கின் வாயை நீல நைலான் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, காது மாதிரி ஒரு துண்டை நீட்டி விடுவது என் வழக்கம். தூக்குகிறவருக்குப் பிடி கிடைக்கும். லாரி மதியம் வரும் என்றார்கள். மாலை ஆகும் என்றார்கள். அப்புறம் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அன்று பௌர்ணமிக்கு மறுநாள். ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், மேலே ஏறும் நாள் என்று கடலோரத்தில் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விழாவுக்குத் தேதி குறித்தவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதிச் சாக்கைக் காணோம். மீதியை நாய்கள் குதறிப் போட்டிருந்தன.

அடுத்த ஞாயிறு, வடக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தேன். வாயில் நீலக் கயிறு, நீட்டிவிட்ட காது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அடிப்பக்கம் கிழிந்து உள்ளே இருந்தது போய்விட்டது. அந்தக் குப்பையை ஒருதரம் பொறுக்கி, எண்ணி, எடையும் போட்டிருந்தோம். உங்கள் செய்திக்குறிப்பில் 'அகற்றப்பட்ட குப்பை' என்று டன் கணக்கில் அதுவும் சேர்ந்துவிட்டது. இரண்டாம் தரம் பொறுக்குவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இது இங்கே மட்டும் நடக்கிற கூத்தில்லை. மும்பையின் வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் வாரந்தோறும் குப்பை அள்ளத் தொடங்கினார். ஒருவர் இருவராகத் தொடங்கியது ஆயிரக்கணக்கில் பெருகியது. 2016-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. அப்பேர்ப்பட்டவரே 2017 நவம்பரில் வேலையை நிறுத்துவதாக அறிவித்தார். தன்னார்வலர்களிடம் சிலர் வம்பு செய்தது ஒரு காரணம். சேர்த்து வைத்த குப்பை எடுத்துப்போக ஆளில்லாமல் குவிந்து கிடந்தது இன்னொன்று. அப்புறம் மீண்டும் தொடங்கினார்கள். 2018 மார்ச்சில் அந்த மணலிலிருந்து பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு ஊர்ந்து போனதை எல்லாரும் படத்தில் பார்த்தோம். அந்தப் படத்தைத்தான் உங்கள் அழைப்பிதழிலும் போட்டிருக்கிறீர்கள். நடுவில் நின்றுபோன நவம்பரையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரி, எண்ணிக்கைத் தாளுக்கு வருகிறேன். "குப்பையை எண்ணி என்ன ஆகப்போகிறது, அள்ளினால் போதாதா?" என்று ஒருமுறை உங்கள் அலுவலர் ஒருவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அவருக்கு அன்று சொல்ல நேரமில்லை, இங்கே சொல்கிறேன்.

இன்று உலகம் முழுக்கச் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாள், 1986-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் கரையில் தொடங்கியது. முதல் வருடம் வந்தவர்கள் சுமார் 2,800 பேர். அதைத் தொடங்கிய லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்களும் அள்ளுவதோடு விடவில்லை. வந்தவர்கள் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, எடுத்த ஒவ்வொன்றையும் குறிக்கச் சொன்னார்கள். எழுதி வைத்ததால்தான் எவ்வளவு குப்பை கப்பல்களிலிருந்து வருகிறது என்று பேச முடிந்தது. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுக்கும் மார்பால் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு இந்த அட்டைகள் கைகொடுத்தன.

ஐரோப்பாவில் இன்னும் தெளிவு. வடகிழக்கு அட்லாண்டிக் கரை நாடுகளில் ஆஸ்பார் முறை என்று ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில், அதே 100 மீட்டர் துண்டில், வருடத்துக்கு நான்கு முறை, கிடைப்பதையெல்லாம் வகை பிரித்து எண்ணுவார்கள். இப்படி எண்ணிய பட்டியல்களில் மேலே நின்ற பொருட்களைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2021 ஜூலை முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரா, தட்டு, கரண்டி, காது குடையும் பஞ்சுக் குச்சி எல்லாம் விற்பனைக்குத் தடை. 2024 ஜூலை முதல் குளிர்பானப் பாட்டிலின் மூடி, திறந்த பிறகும் கழுத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும். தனியாக உருளும் மூடிகளை யாரோ ஒருவர் குனிந்து குனிந்து எண்ணியதன் பலன் அது. பஞ்சுக் குச்சி கடற்கரைக்கு வந்த வழியும் எண்ணியதால்தான் தெரிந்தது. அதைக் கரையில் யாரும் போடவில்லை. கழிப்பறையில் போட்டது, சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கம்பித் தடுப்பில் நிற்காமல் நழுவிக் கடலுக்கு வந்து சேர்ந்தது.

டன் கணக்கு இதில் எதையும் சொல்லாது. தண்ணீர் குடித்த பழைய வலை ஒன்றே ஒரு சாக்கின் எடையைத் தாண்டும். ஆயிரம் சிகரெட் ஃபில்டர் அரைக் கிலோகூட வராது. ஆனால் அந்த ஃபில்டர் பஞ்சு இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை. பல்லாண்டுகளாகப் பன்னாட்டுக் கணக்கில் அதுதான் முதலிடத்தில் இருந்தது. 2019 கணக்கில்தான் தின்பண்ட உறைகள் அதை முந்தின.

நாங்களும் ஆஸ்பார் மாதிரியே படிக்கட்டுக்கும் மீட்புப் படையினரின் கோபுரத்துக்கும் இடையே ஒரு நூறு மீட்டரைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறோம். சல்லடையோடு முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் இந்தக் கடற்கரை உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரியும். நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும் மணல் அது. ஒரு கை அள்ளிச் சலித்தால் சாஸ் பொட்டலத்தின் கிழித்த மூலைகள் மட்டும் ஏழெட்டு நிற்கும். முக்கோணமாக, சிவப்பும் வெள்ளியுமாக, நகத்தளவு. பொட்டலம் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது, பல்லால் கடித்துத் துப்பிய மூலை போவதில்லை. இடுக்கிக்கு அது அகப்படாது, மணல் வாரும் இயந்திரத்தின் கண்ணிக்கும் அகப்படாது. ஒரு ஜாடி நிறையச் சேர்த்து, கரையோரக் கடைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "இவ்வளவும் என் கடைதானா?" என்று முகம் சுளித்தார். அவர் கடை மட்டும் இல்லைதான். ஆனாலும் மறுவாரமே மேசைக்கு ஒரு அமுக்குக் குப்பி வைத்துவிட்டார். இன்றுவரை எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை.

விடுதி உரிமையாளர்களுக்கு ஒன்று. மணலில் மேடை போட்டு விருந்து நடந்த மறுநாள் நாங்கள் எடுப்பது பளபளக்கும் துணுக்குகள். குழலில் அடைத்து வானத்தில் வெடித்துத் தூவுகிறீர்களே, அவை. காகிதம் என்று சொல்லி விற்கிறார்கள். விரலால் இழுத்துப் பாருங்கள், கிழியாது. காற்றடித்தால் ஐந்து நிமிடத்தில் நூறு மீட்டர் பரவும், எடுக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆகும். மண்டப வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் இது நின்றுவிடும்.

நகராட்சிக்கும் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தாளில் 'வெட்டிய கேபிள் டை வால்' என்று ஒரு வரிசை உண்டு. கேபிள் டை என்பது இழுத்து இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. சாதாரண வாரங்களில் ஒன்றிரண்டுதான் இருக்கும். வருடத்தில் ஒரே ஒரு வாரம் எகிறும். எந்த வாரம் என்றால், உங்கள் விழாவுக்கு அடுத்த வாரம். 'தன்னார்வலர்களே வருக' என்று பேனரை இறுக்கிக் கட்டி, மீந்த வாலைக் கத்தரியால் நறுக்கி மணலில் விடுகிறார்கள். வரவேற்கப்பட்ட நாங்களே அதையும் பொறுக்குகிறோம். சணல் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். அப்படியே அந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களையும், பாலித்தீன் உறையில் ஒவ்வொன்றாக மடித்து வரும் டிஷர்ட்டுகளையும் விட்டுவிடலாம். அவரவர் குப்பி அவரவர் கொண்டுவருவோம்.

இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். விடியற்காலையில் டிராக்டரில் பூட்டி மணலை வாரிவிடுகிறீர்கள். பார்க்க விரிப்பு விரித்தாற்போல இருக்கிறது. அலை ஒதுக்கிய வரியில் கிடக்கும் பாசியும் சிப்பியும் கட்டையும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. அந்தப் பாசிக்கு அடியில்தான் மணல் தெள்ளுகள் என்ற துள்ளும் சிற்றுயிர்கள் இருக்கின்றன, அவற்றைக் கொத்தத்தான் உள்ளான் பறவைகள் வருகின்றன. கரையில் மணல் தங்குவதற்கும் அந்த வரி வேண்டும். தரமான கடற்கரைகளுக்குக் கொடுக்கும், நீங்கள் ஆசைப்படும் நீலக் கொடிச் சான்றிதழின் விதிகளே, தொந்தரவாகப் பெருகாதவரை கடற்பாசியைக் கரையிலேயே விட்டுவையுங்கள் என்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் டிராக்டரை நிறுத்திவிட்டு அந்த வரியில் ஆட்களை நடக்க விடுங்கள். நாங்களும் வருகிறோம்.

எதையும் கையால் தொடலாம் என்று நினைத்துக்கொண்டு விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருவதும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெர்மனியின் உசேடோம் தீவுக் கடற்கரையில், இரண்டாம் உலகப்போர்க் குண்டுகளிலிருந்து சிதறிய வெண்பாஸ்பரஸ் துண்டுகள் இன்னும் ஒதுங்குகின்றன. மரப்பிசின் இறுகி உண்டாகும் அம்பர் கல் என்று எண்ணிப் பையில் போட்டுக்கொண்டவர்கள், அது உலர்ந்து உடல்சூட்டில் பற்றிக்கொண்டதில் வெந்துபோயிருக்கிறார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது 1,600 டன்னுக்கும் மேலான பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. கரையில் ஒதுங்கியதைத் தொடாதீர்கள் என்று மக்களை எச்சரிக்க வேண்டி வந்தது. பிள்ளைகள் தாராளமாக வரட்டும். ஊசி, மூடிய டப்பா, பெயர் தெரியாத உருண்டை எதைக் கண்டாலும் கொடியை நட்டுவிட்டு ஒதுங்கு என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்த பிறகு வரட்டும்.

கடைசியாகத் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி. நாங்கள் எட்டு மணிக்கு வருகிறோம், எங்களைப் படம் எடுக்கிறார்கள். அவர்கள் விடியுமுன் வருகிறார்கள். இந்தக் கரையைப் பற்றி எங்கள் தாள் சொல்வதைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். "மழை பேஞ்சா மூணாவது வாய்க்கால்தாம்மா கக்கும், மத்ததெல்லாம் சும்மா" என்று ஒரு அக்கா சொன்னார். அந்த மழைக்காலம் முழுக்க எண்ணிப் பார்த்தோம், அவர் சொன்னது அப்படியே சரி. மூன்றாவது வடிகாலின் வாயில் வலைக்கூண்டு கட்டுங்கள். கட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைக் காலிசெய்ய ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தெருவில் தண்ணீர் தேங்கும், யாராவது ராத்திரியோடு ராத்திரியாக வலையை அறுத்துவிடுவார்கள். தன்னார்வலர்கள்தான் வாராவாரம் வருகிறார்களே என்று சொல்லி அடுத்த ஒப்பந்தத்தில் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கப் போவதாகக் காதில் விழுகிறது. அது உண்மையானால், நாங்கள் வருவதை நிறுத்திக்கொள்வது நல்லது. யாருடைய சம்பளத்தையும் தின்பதற்காக நாங்கள் சாக்கு தூக்கவில்லை.

இந்த வருட விழாவுக்கு நீங்கள் குறித்திருப்பது அமாவாசை நாள். ஒரு வாரம் தள்ளி வைத்தால் அரைநிலா, ஓதம் அவ்வளவு ஏறாது. ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லாரி ஓட்டுநரின் தொலைபேசி எண்ணை முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். சாக்குகளை இந்த முறை மணலில் விடமாட்டோம், படிக்கட்டின் மேல் தட்டில் அடுக்கி வைக்கிறோம். நீலக் கயிறு கட்டியவை என்னுடையவை.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஒருத்தி