ஒற்றைக் கோல் எங்கள் வீட்டில் இருக்கிறது

அன்புடையீர்,

அக்டோபரில் ஒரு ஞாயிறு மாலை, கலிஃபோர்னியாவின் ரான்ச்சோ சான் அன்டோனியோ இயற்கைக் காப்பிடத்தில், வைல்ட்கேட் கேன்யன் பாதையில் எங்களோடு நின்றவர்களுக்கு இந்த மடல். அங்கே இல்லாமலே எங்களுக்கு உதவிய ஒருவருக்கும் சேர்த்துத்தான். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். அன்றைக்கு எனக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை.

முதலில் என் தப்பு. மணி ஆறு ஆகியிருந்தது, இருட்ட இன்னும் அரை மணி நேரம். மான்கள் மேய இறங்குகிற வேளை, அவற்றைத் தேடி வருவதும் இறங்குகிற வேளை. ஆறு வயது மகள் இருபது அடி முன்னால் குதித்துக்கொண்டு போனாள். என் ஒரு காதில் இயர்போன். கார் நிறுத்துமிடத்தில் மலைச் சிங்கத்தின் படம் போட்ட பலகை ஒன்று உண்டு. அதன் முன்னால் நின்று படமெல்லாம் எடுத்திருக்கிறேன். ஏழு வருடத்தில் ஒரு தடவையும் முழுதாகப் படித்ததில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார். கீழே கிடந்த இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து, "பிரியாணி இலையாட்டமே இருக்குது அம்மிணி, ஆனா காரம் ஜாஸ்தி" என்று சத்தமாகச் சொன்னார். "மெதுவா பேசும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். இதை நான் எத்தனை மலைப்பாதைகளில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

வளைவில் எதிரே வந்தீர்கள், வெள்ளை முடி அம்மையாரே, இரண்டு நடைக்கோல்களுடன். சட்டென்று நின்றீர்கள். ஒரு கோலை என் மகளின் நெஞ்சுக்கு நேரே குறுக்காக நீட்டி அவளை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, யாரிந்தப் பொம்பளை என்று. அப்புறம்தான் உங்கள் கண் போன இடத்தைப் பார்த்தேன். மேட்டில், காய்ந்த புல்லின் அதே நிறத்தில், முதலில் ஒரு வால். கனமான, நீண்ட வால், நுனி மட்டும் கறுப்பு. வாலைப் பார்த்த பிறகுதான் மீதி உடம்பு கண்ணுக்குத் தெரிந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு பேருந்து நீளம் இருக்கும்.

"ஓடாதே" என்றீர்கள். கத்தவில்லை, பாலில் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னீர்கள். என் கால் அதற்குள் திரும்பிவிட்டிருந்தது. குதிகால் மண்ணில் அரைவட்டம் போட்டதை இப்போதும் உணர முடிகிறது. அந்த ஒரு சொல் வரவில்லை என்றால் நான் மகளைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பேன். பூமா (மலைச் சிங்கத்தின் இன்னொரு பெயர்) பின்னாலிருந்து பாய்ந்து கழுத்தைக் கவ்வுகிற மிருகம். முதுகைக் காட்டி ஓடுகிற எதுவும் அதற்கு மான்தான்.

இந்த இடத்தில் என் அலுவலக நண்பருக்கு நன்றி. சில மாதங்களுக்கு முன் காபி அறையில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினீர்கள். பிள்ளையைத் தூக்கும்போது குனியாதே, உட்காராதே, குனிந்த மனிதன் அதன் கண்ணுக்கு நாலுகால் மாதிரி. பார்வையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கையை மட்டும் கீழே விடு என்று. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அன்று நான் மகளிடம் போய்ச் சேர்ந்ததும் கை தானாகப் போய் அவள் முதுகுப்பையின் மேல் வாரைப் பிடித்து, கிணற்று வாளியைப் போல மேலே இழுத்தது. தோளில் இன்னும் வலி இருக்கிறது. இருக்கட்டும்.

அதே காபி அறையில்தான் இன்னொன்றும் சொன்னீர்கள். 2014இல் பக்கத்திலிருக்கும் பிச்செட்டி ராஞ்ச்சில் பெற்றோருக்குச் சற்று முன்னால் நடந்த சிறுவனைப் பூமா கவ்வியது. 2020 பிப்ரவரியில் இதே ரான்ச்சோவில் ஒரு சிறுமி. உடன் வந்த பெரியவர் அதைத் தள்ளிவிட்டார். இரண்டு குழந்தைகளும் பிழைத்தார்கள். இரண்டு பேருக்கும் வயது ஆறு. அப்போது எனக்கு அது வெறும் தகவல்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். சிறுத்தை நடமாடும் ஊர். பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை முற்றத்தில் விடமாட்டார்கள், வெளியே போகிறவர்கள் சத்தம் கொடுத்துக்கொண்டே போவார்கள். வீசா எடுத்து வந்த மூன்று மாதத்தில் நான் அடக்கி அடக்கி வைத்திருந்த அந்தக் குரல் அன்று வெளியே வந்தது. "ஏய்! போ! போ அங்கிட்டு!" எஃகுத் தண்ணீர்க் குடுவையைப் பாறையில் அடித்த அடி கேன்யன் முழுக்கக் கேட்டிருக்கும். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேல் பிடித்தார். ஆளைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று பலகை சொல்கிறது; பலகையைப் படிக்கத் தெரியாத அம்மா செய்தார். பக்கத்தில் அம்மையார் இரண்டு கோல்களையும் உயர்த்தியபடி. நடுவில் மகளைச் சுமந்துகொண்டு நான்.

அது ஓடவில்லை. ஒரு காதை மட்டும் அம்மா பக்கம் திருப்பியது. எங்களை எடை போட்டது மாதிரி இருந்தது. பிறகு, அவசரமே இல்லாமல், மேட்டில் ஏறிப் புதருக்குள் போய்விட்டது. மொத்தமாக ஒரு நிமிடம் இருக்கலாம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த இரண்டு தம்பிகளே, நீங்கள் உங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு, ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் வந்து டியர் ஹாலோ பண்ணையைத் தாண்டிக் கார் வரை கொண்டுவந்து விட்டீர்கள். வழியெல்லாம் என் மகளுக்குப் புதிர் போட்டுக்கொண்டே வந்தீர்களே, அது பயம் தெரியாமல் இருக்க மட்டும்தான் என்று அன்று நினைத்தேன். எல்லாரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்று பிறகுதான் புரிந்தது.

மிட்பென் (இந்தத் திறந்தவெளிகளைப் பராமரிக்கிற அமைப்பு) ரேஞ்சர் அவர்களே, நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. எந்த வளைவு, எவ்வளவு தூரம், குட்டி தெரிந்ததா, வால் நீளமா குட்டையா என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டீர்கள் (குட்டை வாலென்றால் பாப்கேட் என்கிற சின்னக் காட்டுப்பூனையாம்). அம்மா கேட்கச் சொன்ன கேள்வியைத் தயங்கித்தான் கேட்டேன்: "அதை என்ன பண்ணுவீங்க?" ஒன்றும் செய்ய மாட்டோம், அது நின்றது, பார்த்தது, போனது, பூமா செய்ய வேண்டியதைத்தான் செய்தது என்றீர்கள். கலிஃபோர்னியாவில் 1990இல் மக்களே வாக்களித்து அதற்குத் தனிப் பாதுகாப்பு கொடுத்ததையும் சொன்னீர்கள். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். "அது வூட்டுக்குள்ள நாமதானே போனோம்" என்றார். கூடவே, "இதுக்குப் போய்ச் சிங்கம்னு பேரு வெச்சிருக்கானுவ. பிடரியைக் காணோம். நம்மூர்ச் சிறுத்தைக்குப் புள்ளி அழிஞ்சாப்ல இருக்குது."

ரேஞ்சரே, நீங்கள் ஒரு உண்மையையும் மறைக்கவில்லை. 2024 மார்ச்சில் எல் டொராடோ கவுண்டியில் அண்ணன் தம்பி இருவர் கையை உயர்த்தி, கத்தி, எல்லாம் சரியாகவே செய்தும் ஒருவர் இறந்தார். மாநிலத்தில் இருபது ஆண்டுகளில் பூமா தாக்கி நேர்ந்த முதல் மரணம் அதுதான். பாய்ந்துவிட்டால் கழுத்தைக் காத்துக்கொண்டு, கையில் கிடைத்ததை வைத்துத் திருப்பி அடிக்க வேண்டும், செத்தவர் போலப் படுக்கக் கூடாது என்றீர்கள். மகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னது முதலில் பிடிக்கவில்லை. இப்போது அவள்தான் எனக்கு அதைச் சொல்லித் தருகிறாள்.

சான்டா குரூஸ் மலை ஆய்வைச் சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி. இரை தின்ன வரும் பூமாக்களுக்கு ஒலிபெருக்கியில் தவளைச் சத்தம் போட்டார்களாம், அவை பாட்டுக்குத் தின்றன. மனிதர் பேச்சைப் போட்டதும் பெரும்பாலும் இரையை விட்டுவிட்டு ஓடின. 2017இல் வெளியான ஆய்வு. காரில் இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப இனிமே மெதுவா பேசுன்னு சொல்லமாட்டியே?" என்றார்.

சொல்லமாட்டேன் அம்மா. உங்களுக்கும்தான் இந்த மடல்.

கடைசியாக அம்மையாருக்கு. இறங்கும்போது அம்மாவின் முழங்கால் நடுங்குகிறது என்று ஒரு கோலை அவர் கையில் கொடுத்தீர்கள். கார் நிறுத்துமிடத்தில் நீங்கள் கையசைத்துக் கிளம்பிவிட்டீர்கள், கோல் எங்களோடு வந்துவிட்டது. நீல நிறம், பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதரைக்கு, வெயில் நன்றாக ஏறிய பிறகு, அந்தப் பலகையின் பக்கத்தில் நிற்போம். கோலோடு ஒரு டப்பா முறுக்கும் இருக்கும். எங்களைத் தேட வேண்டியதில்லை, அம்மாவின் குரல் தூரத்திலேயே கேட்கும்.

நன்றியுடன்,
முதுகுப்பைக்காரியின் அம்மா
சன்னிவேல், கலிஃபோர்னியா